ஒரு தெரு, ஒரு கரும்பலகை: செட்டிநாட்டுக் கடைத்தெருவைச் சீர்செய்ய முழு வழிகாட்டி

காரைக்குடியில் எங்கள் கடைத்தெருவில், டீக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் திண்ணைச் சுவரில் கரும்பலகை ஒன்று தொங்குகிறது. நாலடிக்கு மூன்றடி. அதில் மூன்று கட்டங்கள்: முடிந்தது, நடக்கிறது, நின்றுபோனது. தெருவிளக்கு எரியத் தொடங்கினால் முதல் கட்டம். வாய்க்கால் மூடிக்கு மனு கொடுத்திருந்தால் இரண்டாவது. பதிலே வராமல் கிடந்தால் மூன்றாவது. தேதி போடாமல் எதுவும் எழுதுவதில்லை.

நான் பாத்திரக்கடைக்காரன். கடைத்தெரு முன்னேற்றம் என்ற பேச்சை இருபது வருஷமாகக் கேட்டு வருகிறேன். கூட்டம் போடுவார்கள், பஜ்ஜி வரும், தீர்மானம் வரும், அத்தோடு சரி. பலகை வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் தேதியோடு எழுதியிருந்தால், அதைக் கடந்து போக யாருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வியாபாரிக்கும் அப்படித்தான், அலுவலருக்கும் அப்படித்தான். அதனால் சீரமைப்பு வேறு, செய்தி வேறு என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. தேவகோட்டையோ, பள்ளத்தூரோ, புதுவயலோ, உங்கள் தெருவில் தொடங்க நினைத்தால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் நடந்து பாருங்கள், மூன்று வேளை

ஒரு நோட்டு, ஒரு டேப், ஒரு சாக்பீஸ். தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் காலை ஆறு மணிக்கு ஒருமுறை, பதினொரு மணிக்கு ஒருமுறை, கடை அடைத்த பிறகு ஒன்பதரைக்கு ஒருமுறை நடக்க வேண்டும். காலையில் குப்பை தெரியும். பதினொரு மணிக்கு நெரிசல் தெரியும். இரவில் விளக்கு தெரியும். பெட்டியடியில் உட்கார்ந்தபடியே தெருவைப் பார்த்தால் நம் கடை வாசல் மட்டும்தான் தெரியும்.

விளக்குக் கம்பத்தில் எண் இருந்தால் அதைக் குறியுங்கள். மூடியில்லாத வாய்க்காலை அளந்து, எந்தக் கடைக்கு எதிரே என்று எழுதுங்கள். கடைப் படிக்கட்டு வாய்க்காலுக்கு மேல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்றும் அளங்கள். உங்கள் கடையிலிருந்தே தொடங்குங்கள். என் கடைப் படி ஒன்றேகால் அடி வெளியே இருந்தது. அதை இடித்த பிறகுதான் பக்கத்துக் கடைக்காரரிடம் பேச எனக்கு வாய் வந்தது.

நான்காவது நடை ஒன்று உண்டு. அது ஐப்பசியில், மழை பெய்து கொண்டிருக்கும்போதே குடையோடு போவது. நம் ஊர்களை அமைத்தவர்கள் தெருக்களை நேர்கோட்டில் இழுத்து, வீட்டு முற்றத்து மழைநீரும் தெரு நீரும் ஊருணிக்குப் போகும்படி வாட்டம் வைத்தார்கள். நாம் வருஷத்துக்கு ஒரு தார்ப்பூச்சு போட்டுத் தெருவை உயர்த்தி, வாய்க்காலில் பாலிதீனை அடைத்து அந்த வாட்டத்தைக் கெடுத்துவிட்டோம். தண்ணீர் தேங்கும் ஓரத்தை மழை விட்டதும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். வெயிலில் வந்து பார்க்கும் பொறியாளரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. புது ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்று கேட்கவும் அந்தப் படம் உதவும்.

எந்த வேலை யாருடையது

பாதி மனுக்கள் செத்துப்போவது தவறான மேஜைக்குப் போவதால்தான். காரைக்குடி 1928இல் நகராட்சியானது, 2024இல் மாநகராட்சியானது. சுற்றியிருந்த சில உள்ளாட்சிகளும் அதோடு சேர்ந்தன. ஆனால் கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்றவை பேரூராட்சிகள், ஆத்தங்குடி ஊராட்சி. உங்கள் தெரு இன்றைய தேதியில் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதைக் கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், தெரு உள்ளாட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று கேளுங்கள். பஸ் போகும் பெரிய ரோடுகளில் பல நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். அங்கே பள்ளத்துக்கு மாநகராட்சியில் மனு கொடுத்தால் பயனில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் உள்ளாட்சி. கம்பம் சாய்ந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்வாரியம். அதன் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் எந்நேரமும் சொல்லலாம். ஒருவழிப் பாதை, வண்டி நிறுத்தம் என்றால் போக்குவரத்துக் காவல் துறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதுவும் பிடிபடவில்லை என்றால் 1100, முதல்வரின் உதவி மையம். பதிவு எண் தருவார்கள். அதைப் பலகையில் எழுதுங்கள்.

கடைக்கு ஒரு புள்ளி

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் கோயில் காரியங்களில் புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. குடும்பத்துக்கு ஒரு புள்ளி. வரியும் உரிமையும் புள்ளிப்படி. நாங்கள் அதைக் கடைக்கு ஒரு புள்ளி என்று மாற்றிக்கொண்டோம். நகைக்கடையும் ஒரு புள்ளி, பூ விற்கும் அக்காவின் தட்டும் ஒரு புள்ளி. சந்தா மட்டும் வேறுபடும், வாக்கு ஒன்றுதான். இதைச் சொன்ன நாளில் பெரிய கடைக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து போனார்கள். மூன்று மாதத்தில் ஒருவர் திரும்பி வந்தார்.

முறையாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் போதும். வங்கிக் கணக்கு தொடங்க அது தேவைப்படும். ஆனால் முதல் ஆறு மாதத்துக்குப் பதிவு, முத்திரை, லெட்டர்பேடு எதுவும் வேண்டாம் என்பேன். லெட்டர்பேடு அச்சானதும் தலைவர் யார் என்ற சண்டைதான் முதலில் வரும்.

தள்ளுவண்டிக்காரர்களையும் தரைக்கடைக்காரர்களையும் வெளியே நிறுத்தாதீர்கள். நெரிசலுக்கு அவர்கள்தான் காரணம் என்று நிரந்தரக் கடைக்காரர்கள் சொல்வது வழக்கம், நானும் சொல்லியிருக்கிறேன். நோட்டோடு நடந்து பார்த்தபோது, எங்கள் தெருவில் இடத்தை அடைத்தது எங்கள் கடைகளின் பைக்குகள்தான். சட்டமும் அவர்கள் பக்கம் இருக்கிறது. தெரு வியாபாரிகள் சட்டம் 2014இன்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது தெரு வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊரில் அந்தக் குழு கூடுகிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டு அதையும் பலகையில் எழுதலாம். அடையாள அட்டை வாங்கிக் கொடுத்தால், 2020இல் 10,000 ரூபாயில் தொடங்கிய பிரதமரின் சாலையோர வியாபாரிகள் கடன் திட்டத்துக்கும் அவர்களுக்கு வழி திறக்கும். அந்த உதவியைச் செய்த பிறகு, வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்துங்கள் என்று சொன்னால் கேட்பார்கள்.

பூட்டிய வீடும் பங்காளிகளும்

இது செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் கடைத்தெருக்களில் பல கடைகள் பெரிய வீடுகளின் முகப்பையோ பின்கட்டையோ ஒட்டித்தான் இருக்கின்றன. வீட்டுக்குப் பங்காளிகள் பத்து, இருபது பேர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. சுவரிலிருந்து காரை பெயர்ந்து நடைபாதையில் விழுகிறது என்றாலும் கை வைக்க யாரிடம் கேட்பது?

நாங்கள் ஒரு வருஷம் கடிதம் எழுதிப் பார்த்தோம். பதில் வந்தது இரண்டு. அப்புறம் ஓர் ஆச்சி வழி சொன்னார்: "எல்லாரும் படைப்புக்கு வருவாக, அப்ப வந்து கேளு." குலத்தில் மறைந்தவர்களை நினைத்து வழிபடும் படைப்பு, கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம், இந்த மூன்றுக்கும் பங்காளிகள் ஊருக்கு வந்துவிடுகிறார்கள். வீட்டைக் காவல் பார்ப்பவரிடம் சொல்லி வைத்தால் தேதி கிடைக்கும். காரியம் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மணிக்கு மேல் போங்கள். கையில் ஒரே பக்கம்: இடிந்த இடத்தின் படம், கொத்தனார் சொன்ன மதிப்பு, கையெழுத்துக்கு இடம். பணம் கேட்காதீர்கள், அனுமதி மட்டும் கேளுங்கள். அனுமதி கேட்கப் போன இடத்தில் அவர்களே பணமும் கொடுத்தார்கள். பணமும் சேர்த்துக் கேட்டிருந்தால் காப்பியோடு அனுப்பியிருப்பார்கள்.

பழுது பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தச் சுவர்கள் செங்கலும் சுண்ணாம்பும். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கி, ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பூச்சோடு சேர்ந்து பெயரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் நம் பக்கம் கிடைக்கிறார்கள்; கூலி கூடுதல்தான், பரவாயில்லை. செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் தேடி வருகிறவர்கள் அப்படியே நம் தெருவையும் பார்க்கிறார்கள். கல்தூணில் ஆணி அடித்து ஃப்ளெக்ஸ் கட்டாமல் இருந்தாலே பாதி அழகு மிஞ்சும்.

பெயர்ப்பலகை புதுப்பிக்கும்போது விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் முதலில், பெரிதாக. அடுத்து ஆங்கிலம், அப்புறம் பிற மொழி. அளவு 5:3:2. ஒரே பெயிண்டரிடம் பத்துக் கடை சேர்ந்து கொடுத்தால் விலையும் குறையும், தெருவும் ஒரே மாதிரி இருக்கும்.

இன்னொன்று. எந்தக் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து, நடைபாதைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமே என்பார். வேண்டாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணத்தையும் சிமெண்டையும் மணலையும் ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. கூடத்தில் பளபளக்கும். மழையில் வழுக்கும், வெயிலில் நிறம் போகும். ஒரு கடை வாசலில் பதித்தார்கள். முதல் மழைக்கு இரண்டு பேர் விழுந்தார்கள்.

செய்தி எழுதுவது எப்படி

நான் முதன்முதலில் பலகையில் எழுதியது இது:

"நமது தெருவில் சாக்கடை நாற்றம் தாங்க முடியவில்லை. அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை. நடவடிக்கை எடுப்பார்களா?"

அதே ஆச்சி வளையல் வாங்க வந்தவர், நின்று படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நாறுதுன்னு எழுத என்னத்துக்குப் பலகை? அதான் மூக்கு சொல்லுதே. எந்த மூடி உடைஞ்சிருக்குன்னு எழுது."

மறுநாள் அழித்துவிட்டு எழுதியது:

"வடக்கு முனையிலிருந்து 14ஆவது கடை எதிரே வாய்க்கால் மூடி உடைந்திருக்கிறது. நீளம் 3 அடி, அகலம் 2 அடி. செவ்வாய்க்கிழமை மனு கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. மூடி வரும்வரை மரப்பலகை போட்டு மூடியிருக்கிறோம். இரவில் அந்தப் பக்கம் வண்டி நிறுத்த வேண்டாம்."

முதலாவதைப் படித்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் வீட்டில் கிடந்த கடப்பாக் கல்லைக் கொண்டு வந்து மரப்பலகைக்குப் பதிலாகப் போட்டார்.

அதிலிருந்து நாங்கள் பழகிக்கொண்டவை சில. இடம், அளவு, தேதி, அடுத்து என்ன, இந்த நாலும் இல்லாத செய்தி பலகைக்கு ஏறாது. "நீண்ட நாளாக" என்று எழுதாமல் எத்தனை நாள் என்று எண்ணி எழுதுவோம். ஆளைத் திட்டி எழுத மாட்டோம். துறையின் பெயர் போதும். கேள்விப்பட்டதை எழுத மாட்டோம், ஒருவராவது நேரில் பார்த்திருக்க வேண்டும். வேலை முடிந்தால் அதே அளவு எழுத்தில் முடிந்தது என்று எழுதுவோம். குறையை மட்டும் எழுதும் பலகையை அலுவலர்கள் படிப்பதை விட்டுவிடுவார்கள். ஒருமுறை விளக்கு சரியான பிறகும் நான்கு நாள் "நின்றுபோனது" கட்டத்திலேயே கிடந்தது. சரி செய்த ஊழியர் நேரில் வந்து கேட்டார். அன்றே அழித்து, தவறு எங்களுடையது என்று எழுதினோம். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்குக் கூப்பிட்டதும் வருகிறார்.

குறை மட்டும் என்றால் ஜனங்களுக்குச் சலிக்கும். புதுக்கடை திறப்பு, துக்கச் செய்தி, தொலைந்த சாவிக்கொத்து, தண்ணீர் வராத நாள், மின்தடை நேரம், கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்ப் பெருந்திருவிழாவின்போது எந்த வழியாக வண்டி போகலாம், இவையும் வேண்டும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு மாசி, பங்குனியில் பால்குடம் போகும் நாட்களில் எங்கள் பலகையைப் படிக்க வெளியூர்க்காரர்கள்கூட நிற்பார்கள்.

வாட்ஸாப் குழுவில் பலகையின் படத்தை மட்டும் தினம் ஒருமுறை போடுங்கள். விவாதம் அங்கே வேண்டாம். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே உடைந்த மூடி காணாமல் போய்விடும்.

மனு, ரசீது, பத்து ரூபாய்

ஒரு மனுவில் ஒரு வேலை. ஏழு கோரிக்கையை ஒரே தாளில் எழுதினால், எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் அது ஃபைலிலேயே தூங்கும். கூடவே அளவு, படம், வரைபடம். நாங்கள் ஒரு வரி கூடுதலாகச் சேர்ப்போம்: இந்தத் தெருவின் கடைகள் சேர்ந்து அரையாண்டுக்குக் கட்டும் சொத்து வரியும் தொழில் வரியும் மொத்தம் இவ்வளவு என்று, ரசீது நகல்களோடு. கெஞ்சலாக இருந்த மனு அந்த ஒரு வரியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். வரி பாக்கி வைத்திருக்கும் கடைகளும் பயந்து கட்டிவிடும், அது தனி லாபம்.

ஒப்புகை ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம்: பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். இந்தத் தேதி மனு இப்போது யாரிடம் இருக்கிறது, அதன் மீது எழுதிய குறிப்புகளின் நகல் தருக என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல தடவை பதிலுக்கு முன்னால் வேலையே வந்துவிடுகிறது.

ஊராட்சி என்றால் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானம் நோட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 விதிகளின்படி வந்திருக்கின்றன. அங்கே பெரும்பாலும் குடியிருப்பவர்கள்தான் பேசுகிறார்கள், கடைக்காரர்கள் போவதில்லை. போக வேண்டும்.

பணம்

மகமை நமக்குப் புதிதல்ல. வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கோ தர்மத்துக்கோ ஒதுக்குவது பழைய பழக்கம். அதையே தெருவுக்கு என்று வைத்தோம். கடைக்குத் தினம் சில ரூபாய், மாதக் கடைசியில் உண்டியல். பெரிய வேலைக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது: மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும். மதிப்பீட்டை உள்ளாட்சிப் பொறியாளர் போட்டுத் தருவார். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் வேலை என்றால் நம் பங்கு ஐம்பதாயிரம். ஐம்பது கடைக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆயிரம். இதைக் கூட்டத்தில் வாயால் சொல்லாமல் பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டினோம். உடனே கை நீண்டது.

மாதம் முடிந்தால் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, எழுதி ஒட்டிவிடுங்கள். சாக்பீஸ் வாங்கிய பன்னிரண்டு ரூபாய் உட்பட.

எதை முதலில் செய்வது

காசு செலவில்லாததை. எங்கள் முதல் வெற்றி சரக்கு இறக்கும் நேரம். பதினொரு மணிக்கு லாரி நின்று தெருவையே அடைத்தது. காலை எட்டரைக்குள் அல்லது இரவு ஒன்பதுக்கு மேல் என்று நாங்களே முடிவு செய்து, லாரி புக்கிங் ஆபீஸ்களில் எழுதிக் கொடுத்தோம். நம் ஊர் மனைகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. அப்படி உள்ள கடைகள் பின்வாசல் வழியாக இறக்கிக்கொண்டன.

இரண்டாவது, விளக்கு. மூன்றாவதாகப் பெண்களுக்குக் கழிவறை. இதை நான் முதலில் வைத்திருக்க வேண்டும். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுகிறார்கள் என்பது எங்கள் பட்டியலில் எட்டு மாதம் வரவில்லை, ஏனென்றால் பட்டியல் எழுதியவர்கள் எல்லாரும் ஆண்கள். புது இடம் கிடைக்கும்வரை நான்கு கடைகள் தங்கள் கழிவறையைத் திறந்துவிட ஒப்புக்கொண்டன. எந்தக் கடைகள் என்பது பலகையின் மூலையில் நிரந்தரமாக இருக்கிறது.

குப்பைக்குத் தனியாக ஒரு வழிகாட்டி எழுத வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு: காய்கறிக் கழிவைத் தனி வாளியில் போட்டால் வண்டி மறுக்காமல் எடுக்கிறது. தடை செய்த பிளாஸ்டிக் பை 2019 ஜனவரி முதல் சட்டப்படி கூடாது. வாய்க்காலை அடைப்பதும் அதுதான்.

பலகையை யார் எழுதுவது

ஒரே ஆள் எழுதினால் அது அவருடைய பலகையாகிவிடும். எங்கள் தெருவில் மாதம் ஒரு கடை. பூக்கடை அக்காவின் மாதத்தில் எழுத்துப் பிழை இருக்கும், தேதி தப்பாது. போன கார்த்திகையில் அவர் முறை வந்தபோது முதல் நாளே "நின்றுபோனது" கட்டத்தில் எழுதினார்: "பாத்திரக்கடை முன்னால பைக் மூணு. இன்னிக்கோட அஞ்சு நாள்." மறுநாள் காலையில் பைக்குகளைப் பின் தெருவுக்குத் தள்ளிவிட்டு வந்து, அவரிடம் சாக்பீஸ் கேட்டேன். முடிந்தது என்று தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லி, ஈரத்துணியை மட்டும் என் கையில் கொடுத்தார்.